கராஜ் ஜீயும் யாழ்ப்பாண ஜேயும்

துளசி இப்போது என் கதிரையில் இருக்கிறாள். பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு சேலைக் கடைக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்து மேசை. எட்டு வருடம் அந்த மேசையில் இருந்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வந்துபோவது முடியாமல் போயிற்று. இந்த வருடம் வேலையை விட்டேன். போன கிழமை துளசி தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, நீங்கள் செய்த வேலையை ஒருக்கா எழுதித் தாங்கோவன். மதாமிட்டைக் கேட்டால், பாத்துப் பழகு எண்டுறா. என்னத்தைப் பாக்கிறது?"

முப்பத்துமூன்று வயதில் 'நான் வேலை செய்த காலத்தில்' என்று தொடங்கக் கூச்சமாக இருக்கிறது. மகன் மத்தியானம் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். எழுதியதை வாசித்து வெட்டுகிறேன். பிறகு, வெட்டியதுதான் சரியாக இருந்ததோ என்று யோசிக்கிறேன். ஆனாலும் எழுத வேண்டும் என்று பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாகனத் தண்டம் போடுகிறவர் தெருவில் நடந்து வருவார். அவரிடம் ஒரு வார்த்தை பேசலாம், கெஞ்சலாம், சண்டை பிடிக்கலாம். இப்போது கமெரா பூட்டிய கார் ஒன்று தெருவில் மெதுவாகப் போகிறது. நிறுத்தியிருக்கும் வாகனங்களின் இலக்கங்களை அது வாசித்துக்கொண்டே போகும். காசு கட்டப்படாத இலக்கம் என்றால் சில நாளில் தபாலில் கடிதம் வரும். அந்தக் கமெராவுக்கு உங்களைத் தெரியாது. உங்கள் வாகனத்தின் எழுத்துகளை மட்டும்தான் தெரியும். அதனால் துளசி, இந்த வேலையில் எழுத்துத்தான் எல்லாம்.

எங்கள் கடையின் பெயர்ப் பலகையில் என்ன இருந்தாலும் சனம் அதைப் 'பேப்பர் கடை' என்றுதான் சொல்லும். பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தால் அதைக் கொண்டு எங்களிடம் வருவார்கள். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படித்தவள் என்பதால் எனக்கு வேலை கிடைத்தது. முதல் ஒரு வருடம் போட்டோக்கொப்பி எடுத்தேன், முத்திரை ஒட்டினேன், படிவங்களில் பெயர் நிரப்பினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. அடுத்த வருடம் கடையின் முதலாளி ரோசலின் மதாம் தண்டக் கடிதங்களை என்னிடம் தள்ளிவிட்டார்.

ரோசலின் மதாம் பாண்டிச்சேரிக்காரர். குட்டையான உருவம், கழுத்தில் எப்போதும் ஒரு பென்சில் தொங்கும். கடிதத்தை இருந்து வாசிக்க மாட்டார். எழுந்து நின்று, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்கு வாசிப்பார். "மொத பக்கம் பயமுறுத்தத்தான் எழுதுவாங்க. நமக்கு வேண்டியது பின்னாடி பொடி எழுத்துல இருக்கும்" என்பார். வாசித்து முடித்ததும் மூன்று இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவார்.

முதல் வட்டம், இது எந்த வகைக் கடிதம் என்பதற்கு. எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் 'தண்டம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம். ஆனால் இரண்டு வகை இருக்கிறது. நடைபாதையில், பாதசாரிக் கடவையில், பஸ் பாதையில் நிறுத்தினால் வருவதுதான் உண்மையான தண்டம். அதைக் கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும், பிறகு வாதாட முடியாது. காசு கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமல் நிறுத்தினாலோ, கட்டிய நேரம் முடிந்தபின் நின்றாலோ வருவது வேறு. அது நகரசபை பிந்தி அறவிடும் நிறுத்தக் கட்டணம். அதற்கு மறுப்பு எழுதலாம். அந்த மறுப்புக்கு 'ரப்போ' என்று பெயர். எது எது என்று தெரியாமல் பேனாவை எடுக்கக் கூடாது.

இரண்டாவது வட்டம், திகதிக்கு. ரப்போ அனுப்ப ஒரு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் வாசிக்க மாட்டார்கள். மூன்றாவது வட்டம், பெயருக்கு. கடிதம் ஓட்டியவருக்கு வருவதில்லை. வாகனப் பதிவுப் பத்திரத்தில், இங்கே எல்லாரும் 'கார்த் கிரீஸ்' என்று சொல்லும் அந்தத் தாளில், யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். ரப்போவிலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் சனத்தில் ஒருவரின் வாகனத்தை இன்னொருவர் ஓட்டுவது சாதாரணம். அதனால் இந்த மூன்றாவது வட்டத்தில்தான் குடும்பச் சண்டை தொடங்கும்.

மதாமுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. ஓம்.

"புரிஞ்சுதான்னு கேட்டா ஓம். புரியலையான்னு கேட்டாலும் ஓம். நீங்க எதுக்குத்தான் ஓம் சொல்ல மாட்டீங்க?" என்று வருகிறவர்களைக் கேட்பார். அவர்கள் சிரித்துக்கொண்டு "ஓம் மதாம்" என்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார். "நீ இவங்கள திருப்பிச் சொல்லச் சொல்லு. அவங்க வாயால வரணும்."

நான் பயந்த சுபாவம். முதல் ரப்போவை எழுதி, ஒட்டி, தபால் நிலையம் வரை கொண்டுபோய், வாசலில் வைத்து உறையைக் கிழித்துத் திரும்ப வாசித்துவிட்டுப் புது உறை வாங்கி அனுப்பினேன். கடையில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் நன்மையும் செய்தது. ஒருமுறை ஒரு பெண் வந்தார். அவரிடம் தன் வலயத்தில் வாகனம் நிறுத்துவதற்கான வதிவோர் அட்டை இருந்தது, இருந்தும் கடிதம் வந்துவிட்டது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மனம் கேட்காமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தெருவுக்கே நடந்துபோய்ப் பார்த்தேன். அவர் வாகனம் நிறுத்திய பக்கம் வேறு வலயம். தெருவின் எதிர்ப்பக்கம்தான் அவருடையது. "எட்டடி, தங்கச்சி. எட்டடிக்கு ஒரு கடிதமோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் எட்டடி தள்ளி நிறுத்தினார், கடிதம் வரவில்லை.

இனி நான் சொல்ல நினைத்த கதைக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சிவநாதன் அண்ணை வன்னியிலிருந்து வந்தவர். அவரும் மனைவியும் வில்லியே லே பெல்லில் ஒரு சமையல் கூடத்தில் விடியற்காலை இடியப்பம் அவிப்பார்கள். அதை அவர் ஒரு பழைய வெள்ளை வானில் லா சப்பலுக்குக் கொண்டுவந்து நான்கு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். பிறகு அதில் ஒரு கடையின் குசினியில் பதினொரு மணி வரை வேலை செய்துவிட்டுப் போவார். ஒன்பது மணிவரை நிறுத்தக் காசு இல்லை. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கட்ட வேண்டும். மெசினுக்கு ஓடிவர நேரமில்லை என்று, தொலைபேசியில் கட்டும் வசதியைப் போட்டுத் தரும்படி என்னிடம் வந்தார்.

அந்தக் காலை கடையில் நல்ல சனம். நான் அவருடைய தொலைபேசியை வாங்கி, எல்லாவற்றையும் பதிந்து, "வான் நம்பர்?" என்றேன். அவர் பாடமாகச் சொன்னார். நான் அடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இனி ஒன்பது மணிக்கு இந்தப் பச்சைப் பொத்தானை அமத்தினால் சரி அண்ணை."

"ஓம்" என்றார். அவரைத் திருப்பிச் சொல்ல வைக்கவில்லை.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர் வந்தபோது முகம் கறுத்திருந்தது. வான் அவருடையதல்ல. மனைவியின் தமையன் ராஜரத்தினம் பக்கத்து ஸ்டாலின்கிராட் பகுதியில் இருக்கிறார். அவருடைய பெயரில் உள்ள வானைத்தான் இவருக்கு ஓடக் கொடுத்திருந்தார். கடிதங்கள் அவர் வீட்டுக்குப் போயிருக்கின்றன. முதல் கடிதத்தை அவர் பேசாமல் கட்டிவிட்டார். இப்போது இன்னும் மூன்று.

"நாளைக்கு வந்து வானைத் திருப்பித் தரட்டாம், தங்கச்சி. நான் காசு கட்டாமல் பொய் சொல்லுறனாம். நான் ஒவ்வொரு நாளும் கட்டினனான். பாருங்கோ, எல்லாம் இதுக்குள்ளை இருக்கு."

உண்மையைச் சொன்னால், நானும் அவரை நம்பவில்லை. 'நான் கட்டினனான்' என்று அந்த மேசைக்கு முன்னால் சொல்லாதவர்கள் இல்லை. தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும், ஞாயிறு தவிர, ஒன்பது மணிக்கு ஒரு பற்றுச்சீட்டு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. கடிதத்தைப் பக்கத்தில் வைத்து இலக்கத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். கடிதத்தில் முதல் எழுத்து G. பற்றுச்சீட்டில் முதல் எழுத்து J.

துளசி, நீ இங்கேயே பிறந்தவள். உனக்கு இது விளங்க ஒரு கணம் எடுக்கும். ஊரில் ஆங்கில அரிச்சுவடி படித்தவர் G என்ற எழுத்தை 'ஜீ' என்பார். பிரெஞ்சில் 'ஜீ' என்றால் அது J. ஊரில் J என்பது 'ஜே'. பிரெஞ்சுக் காதுக்கு 'ஜே' என்பது G. இரண்டு எழுத்தும் கை மாறி நிற்கின்றன. சிவநாதன் அண்ணை 'ஜீ' என்று சரியாகத்தான் சொன்னார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த என் காது J என்று கேட்டது, என் விரல் அதை அடித்தது. ஒன்றரை மாதமாக அவர் எங்கேயோ உள்ள ஒரு முகம் தெரியாத மனிதரின் காருக்கு ஒழுங்காகக் காசு கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பாத்துச் சொல்லுறன் அண்ணை, நாளைக்கு மச்சானையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். அவர் "ஓம்" என்று போய்விட்டார். பின்னேரம் மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் எடுக்கப் போனபோது அவளுடைய குளிர் அங்கியில் நான் தைத்த பெயர்ச்சீட்டை மூன்று முறை வாசித்தேன். பெயர் சரியாகத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். அதைவிட, அந்த மனிதர் வான் இல்லாமல் இடியப்பத் தட்டுகளை ரயிலில் எப்படிக் கொண்டுவருவார் என்று நினைத்தேன்.

காலையில் கடை திறந்ததும் மதாமிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று இரண்டு தாளையும் பார்த்தார்.

"அவரு சொன்னது சரி. நீ கேட்டதும் சரி. அப்ப தப்பு யாரு?"

"நான்தான் மதாம்."

"ஆமா, நீதான். கேட்ட. பாக்கல." கழுத்துப் பென்சிலை எடுத்து G மேல் ஒரு வட்டம் போட்டார். "கார்த் கிரீஸைக் கண்ணால பாக்காம ஒரு நம்பரையும் எழுதாத. சரி, அழாத. வர்றவங்ககிட்ட நீயே சொல்லு. உனக்காக நான் சொல்ல மாட்டேன்."

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ராஜரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். இங்கே நகைக் கடை ஒன்றில் வேலை. கோட் போட்டிருந்தார். கதிரையில் இருந்த உடனே கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

"திறப்பைத் தாரும்."

"மச்சான், நான் கட்டினனான்."

"கட்டினவனுக்கு ஏன் கடிதம் வருது? நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு தண்டம் வாங்கினதில்லை. இப்ப தபால்காரன் என்னைக் கண்டாச் சிரிக்கிறான்."

சிவநாதன் அண்ணை வான் திறப்பை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"ஐயா, பிழை என்ரை" என்றேன். "அவர் ஒழுங்காத்தான் கட்டினவர். நான்தான் நம்பரைப் பிழையா அடிச்சனான்."

ராஜரத்தினம் ஐயா என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர் நல்ல மனசிலை அவரைக் காப்பாத்தப் பாக்கிறீர். இஞ்சை படிச்ச பிள்ளைக்கு ஏ பி சி தெரியாதோ?"

அப்போது மதாம் பின்னாலிருந்து ஒரு வெற்றுத் தாளோடு வந்தார்.

"ஐயா, வண்டி நம்பர நீங்களே சொல்லுங்க. நான் எழுதறேன்."

"எழுதுங்கோ. ஜீ."

மதாம் பெரிதாக J என்று எழுதினார்.

"இல்லை அம்மா, அது ஜே. நான் சொன்னது ஜீ."

"அதான் எழுதியிருக்கேன். ஜீ."

"ஐயோ, இது ஜே!"

"ஓ, ஜேயா?" மதாம் J-யை வெட்டிவிட்டு G என்று எழுதினார். "இந்தாங்க, ஜே."

ராஜரத்தினம் ஐயா தாளைத் தன் பக்கம் திருப்பினார். மறுபடி மதாமைப் பார்த்தார். வாய்க்குள் இரண்டு எழுத்தையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். காது சிவந்தது.

"இருபது வருஷம் பிள்ளையளுக்கு ஏ பி சி படிப்பிச்சனான்" என்றார். "அப்ப இவ்வளவு நாளும் இவன் ஆரின்ரை காருக்குக் கட்டினவன்?"

"ஆரோ ஒரு புண்ணியவானுக்கு, மச்சான்" என்றார் சிவநாதன் அண்ணை. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் பகிடி அது.

ஐயா சிரித்தார். பிறகு நாங்கள் எல்லாரும் சிரித்தோம், எனக்குக் கண்ணீரும் வந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் சிவநாதன் அண்ணை தாளைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "இனி நான் எழுத்தைச் சொல்ல மாட்டன். இது வாகனம் திருத்திற கராஜுக்கு முதல் எழுத்து. மற்றது யாழ்ப்பாணத்தை இங்கிலிசிலை எழுதேக்கை வாற முதல் எழுத்து. கராஜ் ஜீ, யாழ்ப்பாண ஜே. அப்ப ஆருக்கும் மாறாது."

ராஜரத்தினம் ஐயா மச்சானை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். "இதை நானெல்லோ சொல்லியிருக்க வேணும்" என்றார். திறப்பை மேசைமேல் வைத்து விரலால் அவர் பக்கம் தள்ளினார். "எங்கை கையெழுத்து வைக்கிறது, பிள்ளை?"

மூன்று கடிதத்துக்கும் மூன்று ரப்போ எழுதினேன். ஒரே உறையில் மூன்றையும் அடைக்கக் கூடாது, ஒவ்வொன்றும் தனி. ஒவ்வொன்றிலும் கடிதத்தின் பிரதி, கார்த் கிரீஸின் பிரதி, அந்த நாளின் பற்றுச்சீட்டு. என்ன நடந்தது என்பதை ஐந்து வரியில் எழுதினேன். 'வாகன இலக்கத்தின் ஒரு எழுத்து, இரண்டு மொழிகளின் உச்சரிப்பு வேறுபாட்டால் மாறிப் பதிவானது. கட்டணம் ஒவ்வொரு நாளும் செலுத்தப்பட்டது.' முதலில் ஒன்றரைப் பக்கம் மன்னிப்பாக எழுதியிருந்தேன். மதாம் அதைக் கடைசியிலிருந்து முன்னுக்கு வாசித்துவிட்டு, "நீ வருத்தப்படறது அவங்களுக்கு வேணாம். நடந்தத மட்டும் சொல்லு" என்று முழுவதையும் வெட்டினார். பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்த முறை உறையைக் கிழிக்கவில்லை.

ரப்போவில் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் பதிலே வராவிட்டால் மறுத்துவிட்டார்கள் என்று பொருள். பேசாமல் இருப்பதே பதில். குசினி நாட்காட்டியில் நாட்களை வெட்டிக்கொண்டு வந்தேன். முதல் பதில் மூன்றாம் கிழமை வந்தது, நீக்கிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் இரண்டாவது. மூன்றாவதற்கு ஒன்றும் வரவில்லை. அதையும் விடவில்லை, அதற்கென்று உள்ள நீதிமன்றத்துக்கு எழுதினோம். அது நீண்ட காலம் இழுபட்டு, நான் இரண்டாவது பிள்ளைக்கு விடுப்பில் இருந்தபோது எங்கள் பக்கம் தீர்ந்தது. காலம் கடந்துவிட்ட முதல் கடிதத்துக்கு எதுவும் செய்ய முடியவில்லை. அதைக் கடை பொறுப்பெடுத்தது. என் சம்பளத்தில் கழிக்கும்படி கேட்டேன். மதாம் காதில் விழாததுபோல இருந்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் மேசையில் ஒரு பழக்கம் வந்தது. யாராவது தொலைபேசியில் வாகன இலக்கம் சொன்னால் "கராஜோ யாழ்ப்பாணமோ?" என்று கேட்போம். சாப்பாட்டுக் கடைகளில், நகைக் கடைகளில், பொடியள் தங்கள் தொலைபேசியில் அப்பாவுக்குக் காசு கட்டும்போதுகூட அப்படிக் கேட்பதாகச் சொல்கிறார்கள். சரியாகச் சொன்னாலும், கேட்டாலும், கார்த் கிரீஸைக் கண்ணால் பார்க்காமல் எழுதாதே, துளசி. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது, பின்னாலிருந்து வாசி.

இதோடு முடித்துவிட்டேன் என்று நினைத்துத் தாளை மடித்து வைத்திருந்தேன். நேற்றுக் காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது என் தொலைபேசி அதிர்ந்தது. சிவநாதன் அண்ணை ஒரு படம் அனுப்பியிருந்தார். குரல் பதிவு இல்லை, படம் மட்டும். வீதியோரத்தில் தள்ளுவண்டியை நிறுத்தி, மகனின் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேறொரு வானின் கார்த் கிரீஸ். உரிமையாளர் என்ற கட்டத்தில் பெயர் இருந்தது. எழுத்தெழுத்தாக வாசித்தேன், இரண்டாம் முறையும் வாசித்தேன். அவருடைய பெயர்தான். இனி அந்த வானுக்கு ஒரு கடிதம் வந்தால், அது அவருக்கே வரும்.

மேலே வாகன இலக்கம். முதல் எழுத்து J.

பதில் அடிக்கத் தொடங்கியபோதே அடுத்த செய்தி வந்தது.

"பாத்தீங்களோ தங்கச்சி? வன்னியானுக்கு யாழ்ப்பாணத்தைத் தந்திட்டாங்கள். மச்சானுக்கு இன்னும் சொல்லேல்லை."